விம்பிள்டன் கோப்பை யாருக்குச் சொந்தம், பரிசுப் பணம் யார் கைக்குப் போக வேண்டும்?

கடலோரன், டர்பன்

வணக்கம். 2025 விம்பிள்டனில் சின்னர், அல்கராஸ் இறுதி ஆட்டத்தை எத்தனை பேர் பார்த்தீர்கள்? 4-6, 6-4, 6-4, 6-4. பாரிஸில், பிரெஞ்சு ஓப்பனில் கைக்கெட்டிய பட்டத்தை நழுவவிட்ட சின்னர், ஐந்து வாரத்தில் புல்தரையில் அதே அல்கராஸை வென்றுவிட்டார். ஆட்டத்தைப் பற்றிப் பேச இந்த மன்றத்தில் வேறு இழை ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பரிசைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சின்னருக்குக் கிடைத்தது 3 மில்லியன் பவுண்டு. பவுண்டுக்கு 24 தென்னாப்பிரிக்க ரேண்ட் என்று வைத்துக்கொண்டால் 72 மில்லியன் ரேண்ட். அந்த 2025 போட்டியின் மொத்தப் பரிசுத் தொகை 53.5 மில்லியன் பவுண்டு. இவ்வளவு பணம் கொடுப்பவர்கள், அந்தத் தங்கமுலாம் பூசிய வெள்ளிக் கோப்பையை மட்டும் கொடுப்பதில்லை. தூக்கிக் காட்டலாம், முத்தமிடலாம், மைதானத்தைச் சுற்றி வரலாம். அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கையில் வருவது முக்கால் அளவு நகல்.

என் கட்சி இதுதான்: உயிரைக் கொடுத்து ஆடி வென்றவருக்கு அசலே போக வேண்டும். ஆண்டுக்கு ஒரு கோப்பை செய்ய முடியாத ஏழ்மையிலா விம்பிள்டனை நடத்தும் அந்த கிளப் இருக்கிறது? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்

தம்பி, ஒரு காலத்தில் அசலையே கொடுத்துப் பார்த்தார்கள். அதனால்தான் இந்த விதியே வந்தது.

1877இல் முதல் விம்பிள்டன் நடந்தபோது ‘ஃபீல்டு’ என்ற வார இதழ் 25 கினி (அந்தக் காலத்துப் பிரிட்டன் பணக் கணக்கு) மதிப்புள்ள வெள்ளிக் கோப்பை ஒன்றைக் கொடுத்தது. வென்ற ஸ்பென்சர் கோருக்கு அதோடு 12 கினி பரிசும் உண்டு. தொடர்ந்து மூன்று முறை வென்றால் கோப்பை அவருக்கே சொந்தம் என்பது அன்றைய வழக்கம். வில்லியம் ரென்ஷா 1881, 82, 83 என்று வரிசையாக வென்று அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். சரி என்று இன்னொரு கோப்பை வாங்கினார்கள். மனிதர் 84, 85, 86 என்று மறுபடியும் மூன்று முறை வென்று அதையும் எடுத்துக்கொண்டார். பத்தே ஆண்டில் இரண்டு கோப்பை போயிற்று. 1887இல் 100 கினி கொடுத்து இப்போதுள்ள கோப்பையைச் செய்தபோது, இனி இது எவருக்கும் சொந்தமாகாது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அதிலிருந்து வந்தது பெரிய விஷயம். ரென்ஷாவின் இரண்டு கோப்பைகளை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1887இன் கோப்பையை உலகமே அறியும். லேவர், போர்க், சாம்ப்ராஸ், ஃபெடரர் எல்லோரும் தொட்டது ஒரே உலோகத்தை. சின்னர் தூக்கியபோது அவர் கையில் இருந்தது அத்தனை பேரும் தூக்கிய அதே 47 சென்டிமீட்டர் உயரக் கோப்பை. ஆண்டுக்கொரு புதுக் கோப்பை என்றால் இந்த வரிசை அறுந்து போகும்.

பெயர்கள் நிரம்பி இடமே இல்லாமல் போனதால் 2009இல் கோப்பைக்குக் கீழே கறுப்புப் பீடம் ஒன்றைச் சேர்த்து, வெள்ளிப் பட்டையில் பெயர்களைப் பொறிக்கத் தொடங்கினார்கள். புதுக் கோப்பை செய்ய அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அப்போதும் செய்யவில்லை.

ஷ்லுஷ்லுவே வாசி

கோப்பையின் மூடியில் உச்சியில் இருப்பது அன்னாசிப்பழம், கவனித்தீர்களா? இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் அன்னாசி கிடைப்பதே அரிது. பணக்காரர் வீட்டு விருந்து மேசையில் பெருமைக்காக வைத்த பழம். எங்கள் ஊரில் சாலையோரம் குவித்து வைத்து விற்கிறோம், டர்பன் கடற்கரையில் குச்சியில் குத்தி மசாலாத்தூள் தூவிச் சாப்பிடுகிறோம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

மெரிபேங்க் அக்கா

எல்லோரும் ஆண்கள் கோப்பையையே பேசுகிறீர்கள். பெண்களுக்கான வெள்ளித்தட்டு அதற்கு ஓராண்டு முந்தியே, 1886இலேயே பரிசாக வந்துவிட்டது. தட்டின் வயது அதைவிடவும் அதிகம். 1864இல் பர்மிங்காமில் எல்கிங்டன் நிறுவனம் செய்தது. பெயர் வீனஸ் ரோஸ்வாட்டர் தட்டு. விருந்துக்கு முன்னும் பின்னும் பன்னீர் ஊற்றிக் கை கழுவ வைக்கும் தட்டின் வடிவம் அது. நம் கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பு வைக்கிறோம் இல்லையா, அந்த மரியாதைதான். நடுவில் உட்கார்ந்திருக்கும் உருவம் வீனஸ் இல்லை, தன்னடக்கத்தைக் குறிக்கும் கிரேக்க உருவம். விளிம்பில் மினர்வாவும் ஏழு கலைகளும். அருமையான வேலைப்பாடு. தட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்தான் புடைப்பு முழுக்கத் தெரியும். வென்றவர்கள் தலைக்கு மேல் தூக்கும்போது படக்கருவி பக்கத்தில் போகும், அப்போது பாருங்கள்.

1957இல் ஆல்தியா கிப்சன் அந்தத் தட்டை எலிசபெத் ராணியின் கையிலிருந்து வாங்கினார். விம்பிள்டன் ஒற்றையரில் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண். அதே 1957இல் நம் ஊரில் ‘ஐரோப்பியர் மட்டும்’ என்று எழுதிய பெஞ்சுகள் இருந்தன. அந்தப் படத்தை என் மகள் அறையில் மாட்டி வைத்திருக்கிறேன்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளப்பின் வெற்றியாளர் பலகையில் திருமணமான பெண்களைக் கணவர் பெயரின் முதலெழுத்துகளோடுதான் எழுதி வைத்திருந்தார்கள். 1981இல் வென்ற கிறிஸ் எவர்ட் அதில் ‘திருமதி ஜே. எம். லாய்ட்’. ஆடியது அவர், வென்றது அவர், பலகையில் இருப்பது வீட்டுக்காரரின் எழுத்து. 2022இல்தான் செல்வி, திருமதி அடைமொழிகளை எடுத்தார்கள். பணத்தைவிட இதுதான் என்னை அதிகம் சுட்டது.

தெற்குக்காற்று

அக்கா, மரியாதையோடு கேட்கிறேன். பெண்கள் இறுதி ஆட்டம் 57 நிமிடத்தில் முடிந்தது. ஷ்வியான்டெக் 6-0, 6-0. ஆண்கள் ஐந்து செட் கணக்கில் மூன்று மணி நேரம் ஆடினார்கள். இரண்டு பேருக்கும் அதே 3 மில்லியன். இது சரியா?

மெரிபேங்க் அக்கா

சரிதான். மணிக்கணக்கில் கூலி கொடுக்கும் வேலை இல்லை இது. 57 நிமிடத்தில் எதிராளிக்கு ஒரு கேம்கூடத் தராமல் முடித்தவருக்குச் சம்பளத்தைக் குறைப்பீர்களா? அப்படியென்றால் ஆண்களிலும் மூன்று செட்டில் முடித்தவருக்குக் குறைவாகவும், ஐந்து செட் இழுத்தவருக்குக் கூடவும் கொடுக்க வேண்டி வரும். யாரும் அப்படிக் கேட்பதில்லை.

வரலாற்றையும் பார்த்துவிடுவோம். 1968இல் தொழில்முறை வீரர்களுக்கு விம்பிள்டன் கதவு திறந்தது. அதுவரை அமெச்சூர் என்று பெயர், மேசைக்கு அடியில் பணம். முதல் ஆண்டு மொத்தப் பரிசு 26,150 பவுண்டு. ராட் லேவருக்கு 2,000, பில்லி ஜீன் கிங்குக்கு 750. பாதிகூட இல்லை. அமெரிக்க ஓப்பனில் 1972இல் நஸ்டாசேக்கு 25,000 டாலர், கிங்குக்கு 10,000. சமமாகத் தராவிட்டால் அடுத்த ஆண்டு வரமாட்டேன் என்று அவர் சொன்னார். 1973இல் சமமாக்கினார்கள்.

விம்பிள்டன் அதற்கப்புறமும் 34 ஆண்டு இழுத்தடித்தது. 2006இல் ஃபெடரருக்கு 655,000 பவுண்டு, மொரெஸ்மோவுக்கு 625,000. அந்த 30,000 பவுண்டு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு அவர்கள் எதை நிரூபிக்கப் பார்த்தார்கள்? அதே ஆண்டு வீனஸ் வில்லியம்ஸ் லண்டன் நாளிதழில் கட்டுரை எழுதினார், 2007இல் சமமானது. அந்தச் சமத் தொகையை, 700,000 பவுண்டை, முதலில் வாங்கிய பெண்ணும் வீனஸ்தான். கேட்டவரே வென்று வாங்கினார்.

தெற்குக்காற்று

‘எதிராளிக்கு ஒரு கேம்கூடத் தராதவருக்குக் குறைப்பீர்களா’ என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் பெண்களும் ஐந்து செட் ஆடலாம், அவர்களால் முடியும் என்பது என் எண்ணம். அதை வேறொரு நாள் பேசலாம்.

மிட்ரான்ட் புதுவரவு

மதுரையிலிருந்து வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் பக்கம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. கிரிக்கெட், ரக்பி என்றால் இங்கே தெருவே பேசுகிறது, டென்னிஸ் பேச்சு காதில் விழவே இல்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து யாராவது இந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் போயிருக்கிறார்களா?

லெனேசியா வாசகன்

போயிருக்கிறார்கள், ஆனால் தூக்கவில்லை. 1921இல் பிரையன் நார்ட்டன் இறுதிவரை போனார். 1985இல் பதினேழு வயது பெக்கரிடம் தோற்ற கெவின் கரன் டர்பனில் பிறந்தவர், ஆனால் அப்போது அமெரிக்கக் குடிமகன். ஆஸ்திரேலிய ஓப்பனை 1981, 82இல் வென்ற யோஹான் க்ரீக்கும் இங்கே பிறந்து அங்கே போனவர். இரட்டையரில் வெஸ்லி மூடி 2005இல் விம்பிள்டன் பட்டமே வென்றார், ஸ்டீபன் ஹஸ்ஸோடு சேர்ந்து, தகுதிச் சுற்றிலிருந்து வந்து.

என் கண்ணால் பார்த்தது 2018. ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த கெவின் ஆண்டர்சன் கால் இறுதியில் ஃபெடரரை இரண்டு செட் பின்னால் இருந்து வென்றார். அரையிறுதியில் ஜான் இஸ்னரோடு 6 மணி 36 நிமிடம். கடைசி செட் 26-24. ஒரு கட்டத்தில் வழுக்கி விழுந்து, வலக்கைக்காரர் இடக்கையால் பந்தை அடித்துவிட்டு எழுந்து அந்தப் புள்ளியையும் வென்றார். அதற்குமேல் என்ன வேண்டும்? ஒருநாள் விட்டு இறுதி ஆட்டம், ஜோகோவிச் எதிரே. கால் நகரவில்லை. 6-2, 6-2, 7-6. மூன்றாவது செட்டில் செட் பாயின்ட்டுகள் கிடைத்தும் எடுக்க முடியவில்லை.

அன்று ஜோகோவிச்சுக்கு 2.25 மில்லியன் பவுண்டு, ஆண்டர்சனுக்குச் சரிபாதி, 1.125 மில்லியன். ஒரே ஓர் ஆட்டத்தின் விலை 1.125 மில்லியன். இந்தப் பாதிக்குப் பாதி முறை எனக்குப் பிடிக்கவில்லை. 2025இலும் அதே கதைதான், வென்றவருக்கு 3 மில்லியன், தோற்றவருக்கு 1.52. ஆண்டர்சன் ஆடியதற்கு அடுத்த ஆண்டே, அதாவது 2019இல், கடைசி செட் 12-12 ஆனால் டைபிரேக் (புள்ளிகளை எண்ணி செட்டை முடிக்கும் முறை) என்று விதி கொண்டுவந்தார்கள். அந்த விதியில் ஆண்டர்சனின் கால்வலியும் இருக்கிறது என்று நான் நினைப்பேன்.

வெஸ்ட்ரிட்ஜ் அப்பா

நீங்கள் எல்லோரும் மேல்தட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகன் டென்னிஸ் ஆடுகிறான், வெஸ்ட்ரிட்ஜ் பார்க்கில் பயிற்சி. அந்தப் பக்கத்திலிருந்து கணக்கைச் சொல்கிறேன்.

தொழில்முறையில் கடைசிப் படி எம்15 போட்டிகள். மொத்தப் பரிசே 15,000 டாலர். அதை 32 ஒற்றையரும் இரட்டையர் ஜோடிகளும் பங்கு போட வேண்டும். வாரம் முழுக்க ஆடி, ஐந்து ஆட்டம் வென்று, பட்டத்தைக் கையில் வாங்குபவருக்கே 2,000 டாலர் சுற்றுவட்டாரம்தான். முதல் சுற்றில் தோற்றால் அந்தப் பணம் இரண்டு இரவு அறை வாடகைக்கு வந்தால் பெரிது. நம் நாட்டில் இப்படிப்பட்ட போட்டிகள் ஆண்டில் சில வாரங்கள்தான். மற்றபடி துனிசியாவின் மொனாஸ்டிர், எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் என்று போக வேண்டும். அங்கே வாராவாரம் நடக்கும். விமானச் சீட்டு டாலரில், அறை டாலரில், அப்பாவின் சம்பளம் ரேண்டில். ஐரோப்பியப் பையன் முதல் சுற்றில் தோற்றால் ரயில் ஏறி அம்மா கையால் சாப்பிடப் போய்விடுவான். நம் பையன் தோற்றாலும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அடுத்த வாரப் போட்டிக்காக.

கம்பி மாற்றுவதைச் சொன்னால்தான் புரியும். வேகமாக அடிக்கும் பையனுக்கு ஒரு ராக்கெட்டின் கம்பி இரண்டு மூன்று பயிற்சிக்குமேல் தாங்காது. குறுக்குக் கம்பியும் நெடுக்குக் கம்பியும் உரசி உரசி, வெட்டுப்பட்ட இடம் நகத்தால் தடவினால் பள்ளமாகத் தெரியும். அப்புறம் ஒரு அடி, பட்டென்று போய்விடும். கடையில் கட்டக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் நானே பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி வீட்டு கராஜில் போட்டிருக்கிறேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் இழுவையைச் சரிபார்த்து ஒவ்வொரு கம்பியாக இழுத்துக் கட்டுவேன். மனைவி எண்ணிக்கொண்டே குறுக்குக் கம்பியைக் கோத்துக் கொடுப்பார்.

இப்போது சொல்லுங்கள், விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 2025இல் 66,000 பவுண்டு. 1.58 மில்லியன் ரேண்ட். அந்த ஒரே காசோலையில் ஓர் ஆட்டக்காரர் ஓராண்டு பயிற்சியாளரை வைத்துக்கொள்ளலாம். தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றாலும் 15,000 பவுண்டுக்குக் குறையாது. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு 3 மில்லியன் என்பது செய்தி, 66,000 என்பதுதான் வாழ்க்கை. வென்றவருக்குக் கூட்டும் ஒவ்வொரு லட்சத்தையும் கீழே இறக்கினால் உலக வரிசையில் 150, 250 என்று நிற்கும் பிள்ளைகள் ஆட்டத்தை விடாமல் இருப்பார்கள்.

கணக்கர், ஃபீனிக்ஸ்

அண்ணா சொன்ன 66,000 அப்படியே கைக்கு வராது. வெளிநாட்டு விளையாட்டு வீரர்களுக்குக் கொடுக்கும் தொகையில் பிரிட்டன் முதலிலேயே 20 சதவீதம் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக் கணக்கு போடும்போது மேல் வரம்பு 45 வரை போகும். இங்கே குடியிருப்பவருக்கு உலகம் முழுவதிலும் வரும் வருமானத்துக்கும் தென்னாப்பிரிக்காவில் வரிக் கணக்கு காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம், அதனால் இரட்டை அடி இல்லை. பயிற்சியாளர் சம்பளம், பயணச் செலவு ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். பிள்ளைகள் விளையாட ஆரம்பித்த நாளிலிருந்தே வைத்திருக்கப் பழக்குங்கள்.

கடலோரன், டர்பன்

வெஸ்ட்ரிட்ஜ் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு, 3 மில்லியனை வேறு மாதிரி பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் வென்றவரிடமிருந்து எடுத்துக் கீழே கொடுக்கத்தான் வேண்டுமா? மொத்தப் பானையே பெரிதாகலாமே.

லெனேசியா வாசகன்

அதைத்தான் ஆட்டக்காரர்களும் கேட்கிறார்கள். 2025இல் முன்னணி வீரர்களும் வீராங்கனைகளும் நான்கு பெரிய போட்டிகளுக்கும் சேர்ந்து கடிதம் எழுதினார்கள், வருமானத்தில் எங்கள் பங்கைக் கூட்டுங்கள் என்று. விம்பிள்டன் நடத்தும் கிளப்பின் ஆண்டு வருமானம் 400 மில்லியன் பவுண்டுக்கு மேல். 2024இல் பரிசாகக் கொடுத்தது 50 மில்லியன். எட்டில் ஒரு பங்கு. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் ஏறத்தாழ பாதி வருமானம் ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. விம்பிள்டன் தரப்பின் பதிலும் உண்டு: மிஞ்சும் லாபம் பிரிட்டனின் டென்னிஸ் சங்கத்துக்கு, அடிமட்ட ஆட்டத்தை வளர்க்கப் போகிறது. நல்ல காரியம்தான். ஆனால் அது பிரிட்டனின் பிள்ளைகளுக்கு. டர்பன் பிள்ளைக்கோ லாகோஸ் பிள்ளைக்கோ அந்த லாபத்தில் எதுவும் வராது. அவர்களுக்கு வந்து சேரும் ஒரே வழி பரிசுத் தொகைதான். ஆகவே பரிசைக் கூட்டு, அதுவும் முதல் சுற்றிலும் தகுதிச் சுற்றிலும் கூட்டு என்பது என் கட்சியும்.

அமெரிக்க ஓப்பனைப் பாருங்கள். 1973இல் சமப் பரிசில் முன்னால் நின்றார்கள், பணத்திலும் பெரும்பாலும் அவர்களே முன்னால். விம்பிள்டன் எப்போதும் யாராவது செய்த பிறகு நிதானமாக வரும்.

சாட்ஸ்வொர்த் தாத்தா

பிள்ளைகளா, பணத்தைப் பேசினீர்கள், கோப்பையைப் பேசினீர்கள். இந்த நாட்டின் பெயர் பொறித்த ஒரு கோப்பையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்கிறேன்.

டேவிஸ் கோப்பை, 1974. ட்வைட் டேவிஸ் என்ற அமெரிக்கர் 1900இல் கொடுத்த பெரிய வெள்ளிக் கிண்ணம். பெயர் எழுத எழுத இடம் போதாமல் கீழே அடுக்கடுக்காகப் பீடம் கட்டிக்கொண்டே போனார்கள். அதுவரை அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, பிரான்ஸ் என்று நான்கே தேசம் வைத்திருந்த கோப்பை. ஐந்தாவதாக வந்தது நம் நாடு. எப்படி வந்தது தெரியுமா? இறுதி ஆட்டத்தில் ஒரு பந்துகூட அடிக்காமல்.

இறுதியில் தென்னாப்பிரிக்காவும் இந்தியாவும் மோத வேண்டும். இந்திய அணியில் சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள், விஜயும் ஆனந்தும். அந்த ஆண்டு கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவையே தோற்கடித்தவர்கள். வெல்ல வாய்ப்பிருந்த அணி. ஆனால் நிறவெறி ஆட்சியோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகிவிட்டது. கோப்பை இங்கே வந்தது.

நான் அப்போது பள்ளிப் பையன். எங்கள் குடும்பத்தை, இனவாரியாக ஆட்களைப் பிரித்துக் குடியமர்த்திய குழுப் பகுதிச் சட்டம் கேட்டோ மேனரிலிருந்து பிடுங்கி சாட்ஸ்வொர்த்தில் போட்டிருந்தது. 1976 ஜனவரி வரை இந்த நாட்டில் தொலைக்காட்சியே கிடையாது, எல்லாம் பத்திரிகையும் வானொலியும்தான். என் அப்பாவுக்கு டென்னிஸ் உயிர். நம் ஆட்கள் தாங்களே மண்ணைக் கொட்டி, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்ட தரையில் ஆடிய தலைமுறை. ஞாயிறு காலை கோடு போட அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார், நான் கயிற்றின் ஒரு முனையைப் பிடிப்பேன். நகரத்தில் நல்ல தரைகள் இருந்தன, எங்களுக்கு அனுமதி இல்லை.

இந்தியா வரவில்லை என்று கேட்டதும் அப்பா அழுதார். பார்க்க முடியாமல் போனதே என்று இல்லை. வந்திருந்தாலும் தனி வேலிக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பார்த்திருப்போம். எங்களுக்காக ஒருவர் தன் கோப்பையை விட்டுக்கொடுத்தார் என்று அழுதார். ‘இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு கிடையாது’ என்று நிறவெறியை எதிர்த்த விளையாட்டு அமைப்பான சாகோஸ் முழங்கிய காலம் அது. நம் ஆட்டக்காரர்களும் அதே காரணத்துக்காக எத்தனையோ கோப்பைகளை விட்டார்கள். அவர்கள் பெயர் எந்த வெள்ளியிலும் இல்லை.

இந்தியா 1966இலும் 1987இலும் இறுதிவரை போய்த் தோற்றது. இன்றுவரை டேவிஸ் கோப்பை வென்றதில்லை. 1974தான் அவர்களுடைய நல்ல வாய்ப்பு. அதைத் தெரிந்துகொண்டே விட்டார்கள்.

மிட்ரான்ட் புதுவரவு

தாத்தா, இதைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை. விஜய் அமிர்தராஜை வர்ணனையாளராகத்தான் எனக்குத் தெரியும். என் தாத்தா ராமநாதன் கிருஷ்ணன் கதைகளைச் சொல்வார். 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம், 1960, 61இல் விம்பிள்டன் அரையிறுதி. தொழில்முறை ஆட்டத்துக்கு ஜாக் கிராமர் அழைத்தும் போகவில்லை, போயிருந்தால் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆட முடியாது. தென்காசிப் பக்கத்துத் தமிழர். மகன் ரமேஷும் 1979இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். உங்கள் வீடு, அமிர்தராஜ் வீடு, கிருஷ்ணன் வீடு, இந்த மூன்று வீட்டுக் கதையிலும் பணத்தைவிடப் பெரிதாக ஒன்று ஓடுகிறது.

லெனேசியா வாசகன்

இந்தியா விலகியதற்கு ஓராண்டு முன்னால், 1973இல் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஆர்தர் ஆஷ் ஜோஹன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க்குக்கு ஆட வந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு முன்பெல்லாம் விசா மறுத்திருந்தார்கள். பார்வையாளர்களைப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் வந்தார். ஒற்றையர் இறுதியில் கானர்ஸிடம் தோற்றார், டாம் ஓக்கரோடு இரட்டையர் பட்டம் வென்றார். வந்தது சரியா, வராமல் இருந்திருக்க வேண்டுமா என்று அப்போதே பெரிய விவாதம். இந்தியா வராமல் செய்ததும் ஆஷ் வந்து செய்ததும் இரண்டுமே தேவைப்பட்டன என்பது என் முடிவு. 1975இல் விம்பிள்டனில் அதே கானர்ஸை வென்று 10,000 பவுண்டு வாங்கினார். சோவெட்டோவின் ஜபாவுவில் அவர் பெயரில் டென்னிஸ் மையம் இருக்கிறது. மிட்ரான்ட் தம்பி, வார இறுதியில் போய்ப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் தாத்தா

ஆஷ் வந்தபோது நம் ஆட்களில் பாதிப் பேருக்குக் கோபம். எனக்கும்தான். நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை, ஆனால் அவர் நல்ல மனிதர்.

மெரிபேங்க் அக்கா

இன்றைய தென்னாப்பிரிக்கரைப் பேசவே இல்லையே. கொதாட்ஸோ மொன்ட்ஜானே! லிம்போபோவிலிருந்து வந்த சக்கர நாற்காலி வீராங்கனை. 2018இல் விம்பிள்டனில் ஆடிய முதல் கறுப்பினத் தென்னாப்பிரிக்கப் பெண். 2021இல் ஒற்றையர் இறுதி. 2023இல் யுயி கமிஜியோடு சேர்ந்து பிரெஞ்சு ஓப்பன் இரட்டையர் பட்டம், 2024இல் அதே ஜோடி விம்பிள்டன் பட்டம். ஆண்டர்சனால் முடியாததை இவர் செய்துவிட்டார், ஆனால் எத்தனை பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது?

பணத்தையும் பாருங்கள். 2025இல் சக்கர நாற்காலி ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு 68,000 பவுண்டு. மேலே வெஸ்ட்ரிட்ஜ் அண்ணன் சொன்னது, சாதாரண ஒற்றையரில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 66,000. உலகிலேயே சிறந்தவராக இருப்பதற்கும் முதல் நாளே வெளியேறுவதற்கும் நடுவில் 2,000 பவுண்டுதான். அந்த விளையாட்டு நாற்காலியின் விலை தெரியுமா? ஆளின் இடுப்பளவுக்குச் செய்ய வேண்டும், சக்கரம் சாய்ந்து நிற்க வேண்டும், டயர் தேய்ந்துகொண்டே இருக்கும். ஆண் பெண் சமம் என்று 2007இல் செய்தவர்கள் அடுத்த வேலையாக இதைச் செய்ய வேண்டும்.

வெஸ்ட்ரிட்ஜ் அப்பா

அக்கா சொன்னது நெஞ்சில் தைத்தது. சரி, நம் கையில் இருப்பதைப் பேசுவோமா? எங்கள் பகுதியில் சிறுவர் போட்டி ஒன்றைப் பெற்றோர்களே நடத்துகிறோம். பெரிய பணம் இல்லை. ஒருதரப்பு பளபளவென்று கோப்பை வாங்கிக் கொடுப்போம் என்கிறது, இன்னொரு தரப்பு ரொக்கம் என்கிறது. ரொக்கம் கொடுத்தால் பிள்ளைகள் மனம் கெடும் என்று சிலர். இங்கே பேசியதை வைத்து என்ன சொல்வீர்கள்?

சாட்ஸ்வொர்த் தாத்தா

புதுக் கோப்பை வாங்காதே. என்னிடம் ஒன்று இருக்கிறது. அப்பா ஆடிய காலத்து லீக் கோப்பை, லீக் கலைந்ததும் கடைசியாக வென்றவர் வீட்டில் தங்கிவிட்டது. வெள்ளிமுலாம்தான், அசல் வெள்ளி இல்லை. கறுத்துப் போகும்போதெல்லாம் என் ஆயா விபூதி போட்டுத் துணியால் தேய்ப்பார், இப்போது என் மருமகள் அதையே செய்கிறாள். கைப்பிடி ஒன்று ஆடுகிறது, பற்றவைக்க வேண்டும். கீழே மரப் பீடத்தில் கேடய வடிவத்தில் சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஆண்டும் பெயரும். 1950களிலிருந்து இருக்கிறது. கடைசி வரிசையில் இன்னும் இடம் இருக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போ. ஆனால் யார் வீட்டிலும் தங்கக் கூடாது, ஆண்டு முடிந்ததும் திரும்ப வர வேண்டும்.

மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்

தாத்தா சொன்னபடி செய்யுங்கள். வென்ற பிள்ளைக்குப் பெயர் பொறித்த தகடும் சின்னப் பதக்கமும் போதும். மிச்சப் பணத்தை முதல் சுற்றில் தோற்ற எல்லாப் பிள்ளைக்கும் கம்பியாகக் கொடுங்கள். தூரத்திலிருந்து, டொங்காட், ஸ்டேங்கர் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்கு வண்டிச் செலவு. தோற்றவர்களுக்கு ஓர் ஆறுதல் பிரிவு ஆட்டமும் வையுங்கள், ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பக் கூடாது.

தெற்குக்காற்று

பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒரே கோப்பையா, தனித்தனியா?

மெரிபேங்க் அக்கா

கோப்பை ஒன்றுதான் இருக்கிறது என்றால், ஒரே பீடத்தில் இரண்டு பெயரையும் பொறியுங்கள். பெண் பிள்ளையின் பெயர் அவளுடைய சொந்தப் பெயராக, முழுசாக.

கணக்கர், ஃபீனிக்ஸ்

தகடு பொறிக்கும் கடை ஒன்று எனக்குத் தெரியும், நான் பேசுகிறேன். பழைய தகடுகளின் எழுத்துவடிவம் கெடாமல் செய்வார்கள். கைப்பிடியைப் பற்றவைக்கும் செலவு என்னுடையது.

வெஸ்ட்ரிட்ஜ் அப்பா

தாத்தா, சனிக்கிழமை காலை மகனோடு வருகிறேன். கம்பி கட்டும் வேலை என் கராஜில் நடக்கும். உதவிக்கு இரண்டு பேர் வேண்டும், குறுக்குக் கம்பி கோக்கத் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் சொல்லித் தருகிறேன்.